சிவப்பு அங்கியில் வெளியே போனவர்

இஸ்ரவேலுக்கு ராஜா என்று ஒருவர் இன்னும் ஏற்படாத காலத்தில், யோர்தானுக்குக் கிழக்கே ஒரு மலையூர் இருந்தது. இருநூறு வீடுகள், சுற்றிலும் கல்மதில், ஒரே ஒரு வாசல். அந்த வாசலைக் காத்தவள் நோவாள் என்னும் விதவை. அவளுடைய புருஷன் மதில் கட்டும் வேலையில் கல் சரிந்து செத்தவன். ஊர்த்தலைவன் சக்கூர் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடரச் சொல்லி ஆள் அனுப்பினான். அன்று முதல் அவன் பெயரை நோவாள் வாயால் சொன்னதில்லை.

சக்கூர் அப்படிப்பட்டவன்தான். அசரியேல் என்னும் முதியவரின் ஒலிவத்தோட்டம் தனக்குப் பிடித்துப்போனது என்பதற்காகவே அதைப் பிடுங்கிக்கொண்டான். ஒருநாள் அண்டை ஜனமான அம்மோனியரின் மேய்ப்பர்கள் ஆறுபேர் எல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க, அவர்களைச் சிறைபிடித்து வந்தான். அதன் பலன் பத்தாம் நாள் தெரிந்தது. அம்மோனியரின் சேனை மலையடிவாரத்தை வளைத்து நின்றது.

"எங்களுக்கு உங்கள் ஊர் வேண்டாம்," என்று சேனாபதி ஆளனுப்பினான். "உங்கள் தலைவனை அனுப்புங்கள். நாளை மத்தியானம் தாண்டினால் ஒரு வீடும் மிஞ்சாது."

அவர்களில் யாரும் சக்கூரின் முகத்தைப் பார்த்ததில்லை. சிவப்பு அங்கி போட்டவன் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் சக்கூரைக் காணவில்லை. அவன் கழற்றி எறிந்த சிவப்பு அங்கி மாத்திரம் வாசலருகே கிடந்தது. தானியக் கிடங்குக்குள் அவன் ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே போய் இழுத்துவர யாருக்கும் துணிவில்லை. மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது.

அப்போது அசரியேல் வந்தார். குனிந்து அந்த அங்கியை எடுத்தார், தூசியைத் தட்டினார், தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய மெலிந்த உடம்புக்கு அது மிகப் பெரிதாக இருந்தது.

"கதவைத் திற, மகளே," என்றார்.

நோவாள் தாழ்ப்பாளைத் தொடவில்லை. "பெரியவரே, உம்முடைய தோட்டத்தைப் பறித்தவனுக்காகவா?"

"திற, மகளே. நேரமாகிறது."

அவள் திறந்தாள். அவர் வெளியே போனதும் மூப்பர்கள் கட்டளையிட்டார்கள்: "தாழ்ப்பாளைப் போடு. இனி யார் கேட்டாலும் திறக்கக்கூடாது. கதவு திறந்து கிடந்தால் சேனை உள்ளே புகுந்துவிடும்."

மதில்மேல் நின்ற பெண்கள் அழத் தொடங்கினார்கள். அந்த ஓலம் கிடங்குக்குள் எட்டியிருக்க வேண்டும். சக்கூர் வெளியே வந்தான். தலையெல்லாம் பதர்.

"யார் போனது?"

ஒரு மூப்பர் மதிலுக்கு அப்பால் கை காட்டினார். அவன் மதிலில் ஏறிப் பார்த்தான். சரிவில் சிவப்பு அங்கி தடுமாறித் தடுமாறி இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்தபடியே நின்றான். பிறகு இறங்கி வாசலுக்கு ஓடிவந்தான்.

"திற."

"என் புருஷன் செத்தபோது எட்டிப் பார்க்காதவர், இப்போது எங்கே ஓடுகிறீர்?" என்றாள் நோவாள்.

"அவர் போட்டிருப்பது என் அங்கி."

தப்பியோடப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவன் இடுப்பில் பட்டயம் இல்லை. காலில் செருப்பும் இல்லை. இந்த மனிதன் சாக வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் ஜெபித்திருக்கிறாள். இப்போது அவனே சாகப் போகிறான். அவளுக்கோ சந்தோஷம் வரவில்லை. மூப்பர்கள் கூச்சலிட்டார்கள். அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள். அவன் ஓடிய பிறகும் கதவைச் சாத்தாமல், அந்த இடைவெளியில் தானே நின்றாள்.

கீழே சேனாபதியின் முன் இருவர் நின்றார்கள். "உன் ஆட்டுக்காரர்களைப் பிடித்தவன் நான்," என்றான் சக்கூர். "இவர் ஒரு பாவமும் அறியாதவர். என் கையால் தோட்டத்தை இழந்தவர்."

சேனாபதி முதியவரைப் பார்த்தான். "நீர்தான் தலைவரா என்று கேட்டேன். 'ஊருக்காக வந்தவன்' என்று மாத்திரம் சொன்னீர். இவன் உமக்குச் சத்துரு அல்லவா? ஏன் வந்தீர்?"

"இவன் கெட்டவன்தான்," என்றார் அசரியேல். "இன்றைக்குச் செத்தால் கெட்டவனாகவே சாவான். அதற்கு எனக்கு மனம் வரவில்லை."

சேனாபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கை நீட்டி, முதியவரின் தோளிலிருந்து அந்த அங்கியை மெதுவாக எடுத்துக்கொண்டான். "சத்துருவுக்காகச் சாகவும் மனிதரை அனுப்பும் உங்கள் தேவனுக்கு முன்பாக எனக்குப் பயமாயிருக்கிறது. மேய்ப்பர்களை அனுப்புங்கள், போகிறோம்." மதில்மேல் ஜனங்கள் கூடி நின்றார்கள். சிறையிலிருந்த மேய்ப்பர்கள் ஆறுபேரும் இறங்கி வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு சேனை மலையைச் சுற்றி மறைந்தது.

தோட்டம் அசரியேலிடம் திரும்பியது. மெய்யான தலைவர் யார் என்று முடிவுசெய்ய மறுநாள் ஊர் கூடியது. 'குற்றத்தை ஏற்றுப் போன சக்கூரே தலைவன்' என்றார்கள் சிலர். 'அவனுக்கு முன்பே போனவர் அசரியேல்' என்றார்கள் சிலர். 'கட்டளையை மீறி, ஊரையே பணயம் வைத்து, சரியான நேரத்தில் கதவைத் திறந்தவள் நோவாள். அவள் திறக்காவிட்டால் ஒன்றும் நடந்திராது' என்றார்கள் வேறு சிலர்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில், அன்று அந்த ஊருக்கு மெய்யான தலைமை தாங்கியவர் யார்?

விடை: அசரியேல். சக்கூர் செய்தது சிறிய காரியமல்ல. ஜனங்களுக்கு முன்பாகத் தன் கனம் போய்விடக்கூடாது என்று கடைசிவரை தவித்த, பின்னாளில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலால் அது முடியவில்லை. தண்டனை ஜனங்கள்மேல் வேண்டாம், என்மேல் வரட்டும் என்று அவனுக்குப் பின் வந்த தாவீது ராஜா மன்றாடிய இடத்துக்குச் சக்கூரும் வந்து சேர்ந்தான். நோவாளோ தான் வெறுத்தவனுக்கு மனந்திரும்ப வழிவிட்டாள். ஆனால் முன்னே நடந்து போன ஒருவர் இல்லாதிருந்தால் அவன் கிடங்கைவிட்டு வந்திருப்பானா? அவளுக்குத்தான் கதவைத் திறக்க என்ன அவசியம்? துன்மார்க்கன் தான் பிழைக்க மற்றவர்களை முன்னே தள்ளுவான். நீதிமான் மற்றவர்கள் பிழைக்கத் தானே முன்னே போவான். அந்த மற்றவர்களுக்குள் தன் சத்துருவையும் சேர்த்துக்கொண்டு, வாசலுக்குப் புறம்பே போனவர் அசரியேல். அப்படியே சிலுவை சுமந்து நகர வாசலுக்குப் புறம்பே போன ஒருவரைத்தான் நாம் ஆண்டவர் என்று அழைக்கிறோம்.