வரிசையில் மூன்றாவது ஆள்

மாலை நாலு மணிக்குச் சென்னியப்பன் பாறைக் குன்றின் மேலிருந்த கரட்டு மடத்துப் படியேறி வந்தபோது கையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. ஐம்பத்தேழு வயது முகத்தில் மாப்பிள்ளைக் களை. மூச்சிரைத்தாலும் பெட்டியை மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்கவில்லை.

வெள்ளகோவிலில் அவருக்கு எண்ணெய் மில் இருக்கிறது. மூன்று வருடமாகக் கரட்டம்மாவின் சீடர். கரட்டம்மாவுக்கு வயது முப்பத்தாறுதான். மடத்துக்கு வருமுன் கோவையில் ஒரு போன் கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் ஏச்சையெல்லாம் காதில் வாங்கியவர். அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் அவருக்குக் கோபமே வருவதில்லை என்பார்கள். மகள் வயதுப் பெண்ணைக் குருவாகக் கொண்டதற்காகச் சென்னியப்பனை உறவுக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கரட்டம்மா பாறையில் காய்ந்த நிலக்கடலையை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

“புதுப் போனு வாங்கிட்டேனுங்கம்மா. இன்னைக்குத்தான் கடைக்கே வந்துச்சு. கோயமுத்தூர்லயே மூணாவது ஆள் நானுங்க!”

“உக்காருங்க. எப்படி இருக்குது?”

இந்தக் கேள்விக்காகத்தானே மனுஷன் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தார்.

“கையில வெச்சா ஊத்துக்குளி வெண்ணெய்தானுங்க. கனமே தெரியில. கலரு மயில் கழுத்து. கடை வாசல்ல நின்னு எதிர்த்த மொட்டை மாடியைப் படம் புடிச்சேன். அங்க காயற சேலையோட கரையில இருக்கற மாங்காய் தெரியுதுங்க. வெய்யில்லயும் எழுத்துப் பளிச்சுனு இருக்குது. மணிச் சத்தம் கேட்டீங்கன்னா மாட்டுக்காரன் ஊருக்கு அக்கட்டால இருந்தாலும் திரும்பிப் பாப்பான்.”

“வரிசை பெருசுங்களா?”

“மொதோ பஸ்ஸுக்கே போயிட்டேனுங்க. எனக்கு முன்னால ரெண்டே பேரு. பின்னாடியெல்லாம் காலேஜுப் பசங்க. ஒருத்தன், ‘என்னங்க தாத்தா, பேரனுக்கா’ன்னு கேட்டான். எனக்குத்தான்டான்னு சொன்னேன். என்னோட சேந்து நின்னு படம் புடிச்சுக்கிட்டானுங்க.”

பத்து மணிக்குக் கதவைத் திறந்து, கேக் வெட்டி, கடைக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்டி உள்ளே அழைத்தார்களாம். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்கு அப்புறம் தனக்கு யாரும் கைதட்டியதில்லை என்று சொல்லும்போது சென்னியப்பனின் குரல் கொஞ்சம் இளகிவிட்டது. அந்தக் கைதட்டலுக்காகவே அவர் இன்னொரு போன் வாங்கியிருப்பார்.

“சந்தோசந்தானுங்களே?” என்றார் கரட்டம்மா.

சென்னியப்பன் பெட்டியின் மூடியைத் தடவினார்.

“பஸ்ஸு பல்லடம் வர்ற வரைக்கும் இருந்துச்சுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் எப்பவும்போலத்தானுங்க. அஞ்சு வருசத்துல இது நாலாவது போனு. ஒவ்வொண்ணும் கடைக்கு வந்த அன்னைக்கே போய் நின்னு வாங்கறேன். நான் கேக்கறதை மட்டும் ஒரு போனும் குடுக்க மாட்டேங்குது. இந்த ஏக்கம் எப்பத்தானுங்க தீரும்?”

“என்ன கேக்கறீங்க?”

“என்ற தங்கச்சி கூப்பிடணுங்க. அவ்வளவுதான்.”

அந்தக் கதை ஊருக்கே தெரியும். தங்கை பாவாத்தாள் காங்கயத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பன், சித்தப்பன், அத்தைமார், நண்டும் சிண்டுமாகக் குழந்தைகள் என்று எல்லார் பேரும் இருந்தது. தாய்மாமன் பேரை மட்டும் காணோம். மற்ற யார் பேர் விட்டுப்போனாலும் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். தாய்மாமன் பேர் விட்டுப்போவதும் பொண்ணு பேர் விட்டுப்போவதும் ஒன்றுதான். சென்னியப்பன் கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் சீருக்கு எடுத்த பட்டுச்சேலை அவர் பீரோவில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. தப்பு அச்சகத்துக்காரனுடையது என்று பிறகு கேள்விப்பட்டார். கேள்விப்பட்டு என்ன செய்ய, கல்யாணம் முடிந்துபோயிருந்தது.

“‘அண்ணோவ்’னு இழுத்துக் கூப்பிடுவாளுங்க,” என்றார் சென்னியப்பன். “எடுத்ததும் அதுதான். அப்புறந்தான் மத்த பேச்சு. அதைக் கேட்டு அஞ்சு வருசமாச்சு. போனுல கோளாறா இருக்கும், அவ கூப்பிட்டிருப்பா, நமக்குத்தான் கேக்கலைன்னு நெனச்சு நெனச்சு மாத்தறேன். மில்லுல செக்கு ஓடறப்பக்கூட ஒரு கண்ணு போன் மேலதானுங்க.”

“நீங்க கூப்பிடலாமுங்களே.”

“நான் எப்படீங்க? மூத்தவன். பேரை விட்டது அவ. அவதானுங்களே கூப்பிடணும்?”

கரட்டம்மா ஒரு கடலையை உடைத்துப் பருப்பை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“கோயமுத்தூர் பஸ்ஸு காங்கயம் வழியாத்தானுங்க போகும்?”

“ஆமாங்க. போறப்ப பத்து நிமிசம் நின்னுச்சு. வாரப்பவும் நின்னுச்சு.”

“இறங்கினீங்களா?”

“இறங்கினேனுங்க.”

“இறங்கி?”

“டீ குடிச்சேனுங்க.”

கரட்டம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார்.

“போனைக் குடுங்க பாக்கலாம். பழசுல இருந்ததெல்லாம் இதுல வந்துருச்சுங்களா?”

“ஒண்ணு விடாம வந்துருச்சுங்க. கடைப்பொண்ணு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா. படம், நம்பரு, எங்கப்பன் பேசின வீடியோ, மழை பேஞ்சப்ப எடுத்தது, எல்லாமே. எதையும் விட்டுராத கண்ணுன்னு நாலு தடவை சொன்னேன்.”

கரட்டம்மா எதிலோ நுழைந்து எதையோ தொட்டார். ஒன்பது வருடப் பழக்கம், விரலுக்கு வழி தெரிந்திருந்தது. பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

“அந்தப் பத்திரிகை வந்த அன்னைக்குப் போன்ல ஏதாச்சும் பண்ணினீங்களா?”

சென்னியப்பன் கீழே கிடந்த ஒரு கடலைத் தொலியை எடுத்துக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

“பண்ணினேனுங்க. அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கோவம். அவ நம்பரைத் தடுத்து வெச்சுட்டேன். போன்ல எனக்கு ஒரு எழவும் தெரியாது, எதுக்கும் யாரையாச்சும் கேப்பேன். அதை மட்டும் நானே தேடிக் கண்டுபுடிச்சுப் பண்ணினேன். ஆனா அதுக்கப்புறம் மனசு கேக்கல. அந்தப் போனே வேண்டாம்னு மில் மேஸ்திரிகிட்டக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டேனுங்க. தடுத்தது அதோட போயிருச்சு.”

கரட்டம்மா போனை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

‘தடுக்கப்பட்ட எண்கள்’ என்று மேலே இருந்தது. கீழே ஒரே ஒரு பேர். அம்மிணி. சின்ன வயதில் அவர் தங்கையைக் கூப்பிட்ட பேர், அதையேதான் போனிலும் போட்டு வைத்திருந்தார். எழுத்து வெயிலிலும் பளிச்சென்று இருந்தது.

சென்னியப்பன் அந்தப் பேரை இரண்டு தரம் படித்தார். நாலு கடை, நாலு வரிசை, நாலு தடவையும் ஒன்று விடாமல் மாற்றிக்கொடுக்கச் சொன்னவர் அவர்தான். கண் கலங்கிவிட்டது. குரு முன்னால் அழுவதில் அவருக்கு வெட்கமில்லை. புதுப் போனின் மேல் ஒரு சொட்டு விழுந்தபோது மட்டும் பதறிப்போய் வேட்டி நுனியால் துடைத்தார்.

“அவ கூப்பிட்டிருப்பாளுங்களா?”

“தெரியாதுங்க.”

“கூப்பிட்டிருந்தா அவளுக்கு என்னன்னு கேட்டிருக்கும்?”

“பெரும்பாலும் பிஸின்னு வருங்க.”

“அஞ்சு வருசமா நான் பிஸியாங்க?” என்றார் சென்னியப்பன். வேறு யாரிடமோ கேட்பது போல இருந்தது.

காற்று வீசிக் கடலைத் தொலிகளைப் பாறை மேல் உருட்டியது.

“இதை எடுத்து விட்டுறட்டுங்களா?”

“உங்க போனுங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தொட்டார். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. நிச்சயமாகத்தான் என்றார், வாய்விட்டே. பட்டியல் காலியானது. போனைத் துண்டின் மேல் முகம் மேலே தெரிய வைத்து, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டு, சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தார். தியானத்துக்குக்கூட அவர் ஒருநாளும் இத்தனை நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

கரட்டம்மா மிச்சக் கடலையை அள்ளி முடித்தார். மூட்டையைக் கட்டினார். உள்ளே போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தார். வெயில் பாறையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

போன் திடுமென்று ஒலித்தது. சென்னியப்பன் தாவி எடுத்தார். கடையிலிருந்து குறுஞ்செய்தி. புது போன் எப்படி இருக்கிறது என்று கேட்டு, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் படித்துவிட்டுப் பழையபடி துண்டின் மேல் வைத்தார்.

அவள் இந்நேரம் வீட்டு வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. சின்ன வயதில் வாசல் தெளித்தால் பாதித் தண்ணீரை இவர் மேல்தான் தெளிப்பாள். அந்தக் கையில் இப்போது எத்தனை வளையல் இருக்கும், தலையில் நரை விழுந்திருக்குமா, பேத்தி பிறந்தாளாமே, யார் சாடை என்று வரிசையாக நினைத்தார். நினைக்க நினைக்க ஆசை தாங்க முடியவில்லை. மோர் அப்படியே இருந்தது.

“அம்மா, எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க,” என்றார் கடைசியில். “இன்னும் அவ கூப்பிடலீங்களே. அப்படி என்னதான் பண்ணிட்டிருப்பா?”

கரட்டம்மா தன் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார்.

“அவங்க உங்க கூடப் பொறந்தவங்கதானுங்களே,” என்றார். “எங்கயாச்சும் ஒரு கடை வாசல்ல, புது போன் வாங்க வரிசையில நின்னுட்டிருப்பாங்க.”