வெந்த கன்னம்

நாற்பது படம் எடுத்தும் காயம் காயமாக விழவில்லை. ரப்பராகத்தான் விழுந்தது.

கோதண்டம் இருபத்தைந்து வருடம் கல்யாணப் படம் எடுத்தவர். ஐம்பது தாண்டிய பிறகு, நாடகப் பள்ளியில் ஒப்பனை சொல்லிக்கொடுக்கும் அருள்மேரியிடம் மேடைப் படம் கற்க வந்திருந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

எதிரே நடிப்பு மாணவன் இசக்கி. கன்னத்தில் ரப்பர் தீக்காயம். செண்பகம் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஒட்டியது. அவள் போன வருடம் ஒப்பனைத் தேர்வில் தோற்ற மாணவி. தேர்வாளர் வெளியூர்க்காரர். படத்தைப் பார்த்துத்தான் மார்க். நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். வியர்வையில் காயத்தின் விளிம்பு பிரியத் தொடங்கியிருந்தது.

"லேசா சிரிங்க தம்பி." கோதண்டத்துக்குப் பழக்கதோஷம்.

"கன்னம் வெந்தவன் எவன் சார் சிரிப்பான்?" என்றாள் செண்பகம். "மாலை வேணா கொண்டு வரட்டா?"

அவர் கேமராவை இறக்கினார்.

"டீச்சர், காயம் பொய். பொய்ய எப்படி நிஜமா எடுக்கறது?"

அருள்மேரி விளக்கை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார்.

"எடுங்க."

எடுத்தார். ரப்பர்.

"எங்க பாத்து எடுத்தீங்க?"

"விளிம்ப. ஒட்டினது தெரியுதான்னு."

டீச்சர் இசக்கியிடம் திரும்பினார். "நீ?"

"அசையாம இருந்தேன் டீச்சர். பிஞ்சிடுமோன்னு."

"சரி. டீ வரட்டும்."

மணி மூன்றரை. செண்பகத்துக்கு அழுகை முட்டியது.

டீ கொண்டுவந்தவள் தெய்வானை. கேன்டீனில் சேர்ந்து இரண்டு நாள்தான். இசக்கிக்கு டம்ளரை நீட்டியவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள்.

"எண்ணெய் தெறிச்சுதா ராசா? இப்பிடியே ஒக்கார வச்சிருக்கீங்களே, மனுசங்களா நீங்க?"

குனிந்து கன்னத்தில் மெல்ல ஊதினாள். இசக்கி முகம் சுளித்துப் பின்வாங்கினான்.

கோதண்டத்தின் விரல் அழுந்தியது.

படத்தைப் பார்த்தார்கள். ரப்பர் இல்லை. பிரிந்த விளிம்புகூட உரிந்த தோலாக இருந்தது.

"எரிஞ்ச மாதிரியே இருந்துச்சு" என்றான் இசக்கி, யாரும் கேட்காமலே.

செண்பகம் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

கோதண்டத்துக்கு மனசு ஆறவில்லை.

"ஜன்னல் வெளிச்சமா டீச்சர்? இல்ல, கோணமா? எது சரி பண்ணுச்சு?"

அருள்மேரி ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"தெய்வானையக்கா."