காத்தாயியும் உக்காவின் ஒற்றைக் கரியும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், தீப்பெட்டி என்ற சங்கதியே உலகத்தில் பிறக்காத நாளில், கூடற்பாறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ஒருநாள் காலையில் அந்த ஊர் சனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், அரண்மனை முற்றத்தில் ராஜாவின் சிம்மாசனம் இருக்கிறது, அதில் ராஜா இல்லை. தூமகண்டன் என்ற மந்திரவாதி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு ஆள் உயரம். அவனுக்கு முன்னால் ஓர் ஆள் உயரத்துக்கு ஓர் உக்கா.

உக்கா பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அடியில் தண்ணீர்க் குடம். குடத்திலிருந்து மேலே போகும் தண்டு. தண்டின் உச்சியில் மண் கிண்ணம், அதில் வெல்லம் போட்டுப் பிசைந்த புகையிலை. அதற்கு மேல் ஓட்டை போட்ட செப்புத் தட்டு, தட்டின் மேல் கனல். குடத்தின் பக்கத்திலிருந்து பாம்பு மாதிரி ஒரு குழாய். அந்தக் குழாயை வாயில் வைத்து இழுத்தால், புகை தண்ணீரில் முங்கி எழுந்து, குடகுட குடகுட என்று வாய்க்கு வந்து சேரும்.

அந்தக் கனலைக் காக்க தினம் ஓர் ஆள் வரவேண்டும் என்று தூமகண்டன் உத்தரவு போட்டான். காலையில் பற்ற வைத்தால் சாயங்காலம் மூன்றாம் முரசு கொட்டும்வரை புகை கசக்கக் கூடாது. கசந்தால் வந்த ஆள் கரிக்கட்டையாகி அவன் கூடைக்குள் விழுவார்.

முதல் நாள் அரண்மனைச் சமையற்காரர் போனார். பெரிய விருந்துக்கு அடுப்பு மூட்டுகிற கை அல்லவா, கரியைக் கோபுரமாகக் குவித்தார். புகையிலை கருகியது. சமையற்காரர் கூடைக்குள் விழுந்தார். இரண்டாம் நாள் பொற்கொல்லர் போனார். ஊதுகுழலை எடுத்து ஊது ஊதென்று ஊதினார். புகையிலை கருகியது. பொற்கொல்லரும் கூடைக்குள். மூன்றாம் நாள், சிம்மாசனத்தைப் பறிகொடுத்த ராஜாவே மீசையை முறுக்கிக்கொண்டு போனார். எங்கே போனாலும் நட்டநடுவில் உட்கார்ந்தே பழகியவர், கனலையும் நட்டநடுவில் வைத்தார். புகையிலையின் நெஞ்சு தீய்ந்து போனது. ராஜாவும் கூடைக்குள்.

நாலாம் நாள் வெயிலுமுத்து போனான். ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் விறகை அடுக்கி, மேலே மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவன். தொழில் அத்துப்படி. ஆனால் யாராவது அவசரப்படுத்தினால் போதும், மனிதனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "ம், சீக்கிரம்" என்று தூமகண்டன் ஓர் உறுமல் உறுமினான். வெயிலுமுத்து பாதி வெந்த கரியைப் பதறிப்போய்த் தூக்கி வைத்துவிட்டான். புகை கசந்தது. அப்புறம் என்ன, கூடைதான்.

வெயிலுமுத்துவின் பெண்டாட்டி பெயர் காத்தாயி. செய்தி வந்தபோது அவள் மூட்டத்தைச் சுற்றி மண் பூசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ஆனாலும் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் கை கழுவினாள். மூட்டத்தில் ஓட்டை இருந்தால் காற்றுப் புகுந்து மொத்த விறகும் சாம்பலாகிவிடும், இல்லையா? மறுநாள் காலையில் இடுப்பில் இடுக்கியைச் செருகிக்கொண்டு, ஒரு சட்டி நிறையச் சாம்பலோடு அரண்மனைக்குப் போனாள்.

"நீ யாரு?" என்றான் தூமகண்டன். பேசும்போதுகூட குழாய் அவன் உதட்டை விட்டுப் போகவில்லை.

"நேத்து வந்தவரோட பொஞ்சாதி, சாமி. நான் செயிச்சா அவரைத் திருப்பிக் குடுக்கணும்."

"குடுக்கறேன். என் குரு சொன்ன மந்திரம் ரெண்டு இருக்கு, கேட்டுக்கோ. புகை கசந்தா நீ கரி. மூணாம் முரசுக்கு முன்னால நெருப்பு அணைஞ்சா, யாரால அணைஞ்சுதோ அவங்க கரி. இதை மாத்த என்னாலயும் முடியாது. அரண்மனைக் கரி தீந்து போச்சு. இந்தக் கூடையில இருக்கறதை எடுத்துக்கோ."

காத்தாயி கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கரிக்காரி கரியைக் கண்ணால் மட்டும் பார்க்கமாட்டாள், தட்டிக் கேட்பாள். நன்றாகச் சுட்ட கரி 'ணங்' என்று வெண்கலம் மாதிரி பேசும். அவள் ஒன்றை எடுத்து இடுக்கியால் தட்டினாள். 'ம்ம்' என்றது. இன்னொன்றைத் தட்டினாள். 'ம்ம்'. குட்டையாகக் குண்டாக இருந்த ஒன்று, தட்டியதும் கோபமாக 'ம்ம்க்கும்' என்று கனைத்தது. அதுதான் ராஜா.

பாவி, மனிதர்களைக் கொளுத்த அல்லவா சொல்கிறான்! அடுத்த கரியைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. போன வருஷம் கோடாரி பட்டு வெயிலுமுத்துவின் காதில் விழுந்தது இதே வெட்டுத்தான். அந்தக் கரி அவள் உள்ளங்கையில் வெடவெடவென்று நடுங்கியது. அழுகையை விழுங்கிக்கொண்டு அதைப் பத்திரமாகக் கூடைக்குள் வைத்தாள். அடி வரைக்கும் துழாவினாள். அடியில் ஒன்றே ஒன்று 'ணங்' என்றது. கைப்பிடி அளவுக் கருவேலங்கரி. அதுதான் அரண்மனைக் கரியில் மிச்சம்.

ஒரே ஒரு கரி. மூன்று முரசு நேரம்.

அவள் அதை முற்றத்து ஓரத்தில் எரிந்த அடுப்பில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"செவந்துருச்சே, வை" என்றான் அவன்.

"அடிப்பக்கம் இன்னும் கறுப்பா இருக்கு, சாமி."

"சீக்கிரம்."

"அரைவேக்காட்டுக் கரி தலைவலியைக் குடுக்கும். மேல் பூரா வெள்ளைச் சாம்பல் பூக்கட்டும்."

அவன் உறுமினான். முற்றத்துத் தூண்கள் ஆடின. காத்தாயி ஆடவில்லை. கரி முழுக்க வெள்ளை பூத்ததும் அதை மூன்று துண்டாக உடைத்தாள். இரண்டைச் சட்டிச் சாம்பலுக்குள் புதைத்துத் தூங்கவைத்தாள். ஒன்றை எடுத்து, கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் ஏறி நின்று, செப்புத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். குவிக்காதே, ஊதாதே, நடுவில் வைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குடகுட குடகுட. புகை தித்தித்தது.

கிழக்கு ஓரத்தில் கொஞ்ச நேரம், தெற்கு ஓரத்தில் கொஞ்ச நேரம், மேற்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம் என்று அவள் கனலை நகர்த்திக்கொண்டே இருந்தாள். சாம்பல் கூடினால் தட்டிவிட்டாள். சூடு கூடினால் சாம்பலைப் போர்த்திவிட்டாள். முதல் முரசு கொட்டியது.

இரண்டாம் துண்டை எழுப்பி வைத்தாள். குவிக்காதே, ஊதாதே, நடுவில் வைக்காதே. தூமகண்டனுக்குப் பொறுக்கவில்லை. இவளைத் தோற்கடிக்க வேண்டும் என்று வேகவேகமாக இழுத்தான். இழுக்க இழுக்கக் கனல் சிவந்து சீறும், அதில் புகையிலை கருகும் என்பது அவனுக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். அவன் கன்னம் குழிந்தால் அவள் கனலைத் தூக்கினாள். கன்னம் தளர்ந்தால் கீழே வைத்தாள். கோட்டைச் சுவரில் ஏறி வேடிக்கை பார்த்த சனம் மூச்சு விட மறந்து நின்றது. இந்தக் கூத்தைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்து, குழாய்க்குள்ளேயே 'பூப்' என்று சிரித்துவிட்டான். உடனே குடத்துத் தண்ணீர் தண்டு வழியே ஏறி, தட்டின் ஓட்டையில் ஒரு துளி தெறித்து, 'சுர்' என்றது.

காத்தாயி அதைப் பார்த்தாள். மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முரசு கொட்டியது. மூன்றாம் துண்டு தட்டுக்கு வந்தது. வெயில் சாயச் சாய அது கரைந்துகொண்டே வந்தது. நெல்லிக்காய் அளவானது. புளியங்கொட்டை அளவானது. முரசுக்காரர் இன்னும் கோலைத் தொடவில்லை.

தூமகண்டன் குனிந்து கூடைக்குள் விரலை விட்டு ஒரு கரியை எடுத்து நீட்டினான். ஓரத்தில் வெட்டு விழுந்த கரி.

"இதைப் போடு, செயிச்சிருவே. இது ஒண்ணு எரிஞ்சா எனக்கும் நூறு வயசு கூடும். போடாட்டி உன் கையால நெருப்பு அணையும். அப்புறம் நீயும் இந்தக் கூடைதான்."

தட்டில் இருந்தது இன்னும் நாலைந்து இழுப்புக்குத்தான் தாங்கும். அந்த நாலைந்து இழுப்புக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அவள் இடுக்கியைக் கீழே இறக்கி, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போடமாட்டேன். காலையில இருந்து இழுக்கிறியே, ஒரு புளியங்கொட்டைக் கரியைச் செவக்க வைக்க முடியலையே உன்னால. எங்க வீட்டு வெள்ளாட்டுக்கு உன்னைவிட மூச்சு உண்டு."

கோட்டைச் சுவரில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் சிரித்தது ஊரே சிரித்ததாகிவிட்டது. தூமகண்டனுக்குக் கண் சிவந்தது, காது சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டில் குழாய் இருப்பதே மறந்துபோக, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"போடுடீ!"

அந்த மூச்சு முழுவதும் குழாய்க்குள் போனது. குடத்துத் தண்ணீர் மொத்தமும் பொங்கி, தண்டில் ஏறி, கிண்ணத்தைத் தூக்கி எறிந்து, தட்டின் மேல் ஓர் ஆற்றைப்போலப் பாய்ந்தது. கனல் 'சுர்ர்ர்' என்றது. அணைந்தது.

காத்தாயி உரலை விட்டு இறங்கினாள்.

"யாரால அணைஞ்சுது, சாமி?" என்று காத்தாயி மெதுவாகக் கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் கறுத்தது, கை கறுத்தது, இரண்டு ஆள் உயரமும் சுருங்கிச் சுருங்கி ஒரு கரிக்கட்டையாகி, சிந்திக் கிடந்த தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தது. அதே நொடியில் கூடை வெடித்தது. சமையற்காரர் எழுந்தார். பொற்கொல்லர் எழுந்தார். ராஜா எழுந்து முதல் வேலையாக மீசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

வெயிலுமுத்து மட்டும் எழவில்லை. உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அவசரப்பட்டுட்டேன், புள்ள" என்றான். காத்தாயி அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவன் காதிலிருந்த கரியைத் துடைத்துவிட்டாள்.

ராஜா நீரில் கிடந்த கரியைக் காட்டி, "இதைக் கொளுத்து. நூறு வயசு உனக்குக் கூடட்டும்" என்றார்.

"மனுசக் கரியைப் பத்த வைக்கமாட்டேன், மகராசா. அது அவனாவே இருந்தாலும்" என்றாள் காத்தாயி. அதை ஒரு தண்ணீர்ப் பானைக்குள் போட்டு, மூடி போட்டு, சுற்றிலும் மண் பூசி அடைத்துவிட்டாள்.

ராஜா கருவேலங்காட்டை அவர்கள் இருவர் பேருக்கும் எழுதிக்கொடுத்தார். உக்காவின் தண்ணீர்க் குடத்தையும் காத்தாயி கேட்டு வாங்கிக்கொண்டாள். புகைக்கு இல்லை, மோர் ஊற்றி வைக்க. அவர்கள் அங்கே மோரும் சோறுமாகச் சுகமாக இருந்தார்கள். அந்தப் பானை அரண்மனை மூலையில் இன்னும் இருக்கிறதாம். காது வைத்துக் கேட்டால் உள்ளேயிருந்து குடகுட குடகுட என்று சத்தம் வருமாம். நீங்கள் போனால் கேட்டுவிட்டு வாருங்கள், மூடியை மட்டும் தொடாதீர்கள்.