முப்பத்தொன்றாம் அறை

"நாலு சாஃப்ட்வேர் பாத்துட்டேனுங்க அம்மணி. எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

நாச்சிமுத்து வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

பல்லடத்தில் முப்பது வருஷமாக வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். வயது ஐம்பத்தாறு. அவரிடம் இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள்.

ஒரு பெரிய கட்டடத்தில் வயரிங் முடிந்தால், ஒவ்வொரு அறையையும் சோதித்து, வந்த அளவுகளை எழுதி, பயமில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மின் ஆய்வாளர் அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் கட்டடத்துக்குக் கரண்ட் வரும். அந்தச் சான்றிதழ் எழுதத்தான் சாஃப்ட்வேர்.

அவர் யோசனை கேட்க வந்தது செண்பகவல்லியிடம். அவருக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. யார் செய்த வேலையானாலும் சோதித்து எழுதித் தருவது அவர் தொழில். ஐ.டி.ஐ.யில் எண்பது பையன்களுக்கு நடுவே எலக்ட்ரீஷியன் படித்த ஒரே பெண்.

ஒரு நூல் மில்லில் புதிதாக வைத்த மின் பேனலைப் பார்த்துவிட்டு, 'இதை ஓட்டக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தார். மில் முதலாளி இரண்டு மாதம் அவரைத் திட்டினார். மூன்றாம் மாதம் தன் புதுவீட்டைச் சோதிக்க அவரையே கூப்பிட்டார்.

"உக்காருங்கண்ணா. தண்ணி குடிங்க."

"வயசைப் பாக்காதீங்க அம்மணி. நான் உங்ககிட்டப் பாடம் கேக்கத்தான் வந்தேன்."

"என்ன பாடம்?"

"உங்க சர்டிபிகேட்னா ஆபீசர் மறுபேச்சுப் பேசறதில்ல. எங்களுது போனா பத்துக் கேள்வி கேக்கறாரு. நல்ல சாஃப்ட்வேர் ஒண்ணு அமைஞ்சிருச்சுன்னா அந்தத் தொல்லை தீரும் பாருங்க."

டேப்லெட்டை மேசையில் வைத்தார். ஒன்று வாயால் சொன்னாலே எழுதிக்கொள்ளும். ஒன்று படம் வரைந்து தரும். ஒன்று சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஒன்று கணக்கையெல்லாம் தானே போட்டுவிடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி ஒவ்வொன்றின் குணத்தையும் சொன்னார்.

செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"கடைசியா எந்த வேலைக்கு சர்டிபிகேட் போட்டீங்க?"

"மில்லுல வேலை பாக்கற புள்ளைங்க ஹாஸ்டலுங்க. நாப்பத்தெட்டு ரூமு. முதல் கம்பெனிக்காரன் ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கன்னு சும்மா குடுத்தான், அதுலதான் போட்டோம். முன்னெல்லாம் எழுதறதுக்கே ஒரு நாள் ஆவும். இது பதினோரு நிமிஷம்!"

"ஆபீசர்கிட்டக் குடுத்தாச்சா?"

"நேத்தே குடுத்தாச்சு. திங்கக்கிழமை புள்ளைங்க குடி வராங்க."

செண்பகவல்லி எழுந்தார். மூலையில் இருந்த கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"போலாமா?"

"எங்கீங்க?"

"ஹாஸ்டலுக்கு."

*

விடுதி வெள்ளையடித்துப் புதுவாசனையோடு இருந்தது. செண்பகவல்லி மெயின் சுவிட்சைப் பார்த்தார். கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. முதல் அறையில் முழந்தாளிட்டு உட்கார்ந்து சுவிட்ச் போர்டைக் கழற்றினார். பையிலிருந்து மெக்கரை எடுத்தார்.

வயரின் உறையில் எங்காவது பழுது இருந்தால் காட்டிக்கொடுக்கிற கருவி அது. எண் பெரிதாக வந்தால் நல்லது. பூஜ்ஜியம் வந்தால் ஆபத்து.

"அந்தக் கிளிப்பைப் பிடிங்கண்ணா."

நாச்சிமுத்து பிடித்தார்.

ஓர் அறை முடிந்து அடுத்த அறை. அது முடிந்து அடுத்தது. ஒவ்வொரு போர்டுக்கும் முழந்தாளிட்டார் செண்பகவல்லி. ஒவ்வொரு எண்ணையும் பார்த்துத் தன் நோட்டில் எழுதினார். முதல் அறையில் காட்டிய அதே நிதானம் பதினைந்தாம் அறையிலும் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு முட்டி வலித்தது.

"அம்மணி, அந்த சாஃப்ட்வேர் விஷயம்..."

"கிளிப்பைப் பிடிங்கண்ணா."

முப்பதாம் அறையில் போர்டை மூடும்போது செண்பகவல்லி சொன்னார்:

"உங்க ஆளுங்க வேலை சுத்தம். இத்தனை வருஷத்துல இப்படி ஒழுங்கா வயர் மடிச்சு வெச்சு நான் பாத்தது கம்மி."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. முட்டி வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

முப்பத்தொன்றாம் அறை பூட்டியிருந்தது.

வார்டன் அம்மா வந்தார். "சாவி பீரோ மாட்டறவர்கிட்ட இருக்குங்க. கையோட கொண்டு போயிட்டாரு. வயரிங் ஆளுங்க டெஸ்ட் பண்ண வந்த அன்னைக்கும் பூட்டித்தான் கெடந்துச்சு."

செண்பகவல்லி டேப்லெட்டைக் கேட்டு வாங்கினார். அறை முப்பத்தொன்று. இருநூறு. பக்கத்தில் பச்சை டிக்.

நாச்சிமுத்துவும் எட்டிப் பார்த்தார்.

"இருநூறுன்னு போட்டிருக்குதுங்களே..." என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

செண்பகவல்லி சாவிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். கதவில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நாச்சிமுத்துவும் உட்கார்ந்தார்.

சாவி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

*

உள்ளே நான்கு கட்டில்கள். சுவரோடு சேர்த்துத் திருகி மாட்டிய ஓர் இரும்பு பீரோ. அதன் கதவில் காகிதத்தில் நான்கு பெயர்கள் எழுதி ஒட்டியிருந்தது.

செண்பகவல்லி போர்டில் ஒரு முனையை மாட்டினார். மற்றதை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"இதை எங்கீங்க வைக்கட்டும்?"

"பீரோ மேல."

வைத்தார்.

பூஜ்ஜியம்.

நாச்சிமுத்து கிளிப்பை எடுத்தார். பெயின்ட் சுரண்டி, வெறும் இரும்பு தெரிகிற இடமாகப் பார்த்து அழுத்தமாக மாட்டினார்.

பூஜ்ஜியம்.

பீரோவைச் சுவரில் மாட்டிய திருகாணி, சுவருக்குள் ஓடும் வயரிங் பைப்பைத் துளைத்து வயர்வரை போயிருந்தது. திங்கட்கிழமை கரண்ட் வந்தால், அந்த பீரோ முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும்.

நாச்சிமுத்து கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். தமிழரசி. ஷகிலா. பூங்கோதை. அஞ்சுகம். மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

பிறகு தன் சூப்பர்வைசர் கனகராசுவுக்குப் போன் போட்டார்.

"ஏப்பா, முப்பத்தொண்ணாம் ரூமு பாத்தியா?"

"இல்லீங்க. பூட்டியிருந்துச்சு."

"அப்பறம் எப்படி இருநூறுன்னு வந்துச்சு?"

"சாஃப்ட்வேர்ல ஒரு பொட்டியைக் காலியா உட்டா செவப்புக் காட்டுதுங்க. அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. முந்தின ரூம்ல இருக்கறதையே எடுத்துக்கட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. சரின்னு தட்டினேன். உங்களுக்கு அனுப்பினேன், நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்க."

"அறிவு கெட்டவனே! எங்கிட்ட ஒரு வார்த்தை..."

செண்பகவல்லி கையைக் காட்டி நிறுத்தினார். "கேட்ட உடனே மறைக்காமச் சொல்லிட்டாரே அண்ணா."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?"

"பாக்கலைன்னு எழுதறதுக்கு அதுல இடம் இருந்துச்சா?"

நாச்சிமுத்து டேப்லெட்டில் அந்தப் பச்சை டிக்கை மறுபடி பார்த்தார். போனில் கனகராசு இன்னும் இருந்தான்.

"கனகராசு. திட்டினதை மனசுல வெச்சுக்காத. ஆளுங்களைக் கூட்டிட்டு இங்க வா."

*

அன்று சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் மின் ஆய்வாளர் முன்னால் போய் நின்றார் நாச்சிமுத்து. செண்பகவல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"நேத்துக் குடுத்த சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிக்க வந்தேனுங்க."

"ஏன்?"

"ஒரு ரூமைப் பாக்காமயே பாத்ததா எழுதியிருக்குதுங்க."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க ஆள் செஞ்ச தப்பா?"

"கையெழுத்து என்னுதுங்க."

இந்த அறைக்குச் சான்றிதழ் கொடுக்கத்தான் ஆட்கள் வருவார்கள். யாரும் திருப்பிக் கேட்டு வந்ததில்லை. ஆய்வாளர் எழுந்து போய், அலமாரியிலிருந்து தாமே அந்தக் காகிதக் கட்டை எடுத்து வந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை விடுதி திறக்கவில்லை. மில் மேனேஜர் போனில் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. இனி எந்த வேலைக்கும் உன்னைக் கூப்பிட மாட்டோம் என்றார். நாச்சிமுத்து, "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு, போனை வைத்ததும் முப்பத்தொன்றாம் அறைக்குள் போய்த் திருகாணியைப் பிடுங்கினார். வயரை முழுக்க மாற்றினார்கள். பிறகு முதல் அறையிலிருந்து ஆரம்பித்து எல்லா அறைகளையும் பார்த்தார்கள். இந்தத் தடவை போர்டுக்கு முன்னால் முழந்தாளிட்டது நாச்சிமுத்து. கிளிப்பைப் பிடித்தது கனகராசு.

அது முடிந்த பிறகுதான் சாஃப்ட்வேர் விற்பவர்களுக்குப் போன் போட்டார். நான்கு பேரிடமும் கேட்டது ஒரே கேள்வி.

"ஒரு பொட்டியைக் காலியா விட்டா உங்க சாஃப்ட்வேர் என்னங்க பண்ணும்?"

மூன்று பேர் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் பதில் சொன்னார்கள். "கவலையே படாதீங்க சார். ஒரு பெட்டியைக்கூடக் காலியா விடாது."

நான்காவது ஆள் தயங்கினார். சேலத்தில் அவரும் அவர் மனைவியுமாகச் சேர்ந்து எழுதிய சாஃப்ட்வேர் அது.

"காலியா விடலாம் சார். ஆனா..."

"ஆனா?"

"ஏன் பாக்கலைன்னு காரணம் கேக்கும் சார். நீங்க எழுதறது முதல் பக்கத்துல மேலயே வந்துடும். வாங்கறவங்களுக்கு அது பிடிக்கறதில்ல. எடுத்துடச் சொல்றாங்க."

"எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார். எங்க வீட்ல அவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து. "எடுத்துறாதீங்க."

*

புதிய சான்றிதழை முதலில் செண்பகவல்லியிடம்தான் கொண்டுபோனார்.

முதல் பக்கத்தில், மேலேயே, தடித்த எழுத்தில் இருந்தது:

'லிஃப்ட் மெஷின் அறை: பார்க்கவில்லை. லிஃப்ட் கம்பெனியின் வேலை முடியவில்லை. முடியும்வரை அந்த லைன் கழற்றி வைக்கப்பட்டுள்ளது.'

"வேற எல்லாம் பக்காவா இருக்குதுங்க. இந்த ஒரு வரி கெடக்குது. இதோட குடுத்தா ஆபீசர் ஒத்துக்குவாருங்களா அம்மணி?"

செண்பகவல்லி அந்த வரியைப் படித்தார். காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போய்க் குடுங்கண்ணா."

"நீங்களும் கூட வந்தா..."

"கையெழுத்து உங்களுது."

நாச்சிமுத்து தனியாகவே போனார்.

ஆய்வாளர் முதல் பக்கத்தைப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு முறை படித்தார்.

"இதைப் பாக்கலையா?"

"பாக்கலீங்க."

"மத்ததெல்லாம்?"

"பாத்ததுங்க."

ஆய்வாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.