தன் நாக்கையே மென்ன புலி

ஒரு மலையடிவாரத்துல சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். வீட்டச் சுத்தி கிராம்பு மரம். மொட்டைப் பறிச்சு, பாயில காயப்போட்டு, ஒரு சட்டியில அள்ளி வைப்பா. அதே கிராம்புதான்டா, பிரியாணியில கடிச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சுத் துப்புவியே, அதுதான். அவளுக்கு ஒரு கைக்குழந்தை. பாவம், அவளுக்குப் பால் வத்திப் போச்சு. ஒரே ஒரு ஆடு வச்சிருந்தா, அந்த ஆட்டுப் பாலைக் காய்ச்சிக் குடுத்துதான் புள்ளைய வளக்குறா. ஆடு போச்சுன்னா புள்ள பட்டினி.

ஒருநாள் காலையில கதவத் தொறந்தா, கன்னம் வீங்கின புலி ஒண்ணு வாசல்ல நிக்குது. சடைச்சி கதவச் சாத்தப் போனா.

"பயப்படாத தாயி. கடவாய்ப் பல்லு சொத்தை. வலி உயிர் போகுது. ஏதாவது பண்ணு, உன் ஆட்டை நான் தொட மாட்டேன்"னுச்சு புலி.

"வாக்கு மாற மாட்டியே?"

"மாறவே மாட்டேன்."

சரின்னு சட்டியிலேருந்து ஒரே ஒரு கிராம்பை எடுத்து, "இதை அந்தப் பல்லுல வச்சு லேசாக் கடிச்சுக்க. முழுங்காத"ன்னா. கொஞ்ச நேரத்துல அந்த எடம் மரத்துப் போச்சு, வலி அடங்கிடுச்சு. புலிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னா பாத்துக்கங்களேன்.

"புலியண்ணே, வலிதான் அடங்கியிருக்கு, சொத்தை அப்படியேதான் இருக்கு. வாயத் தொற, கொறடு வச்சுப் புடுங்கிடுறேன்"னா சடைச்சி.

"ஐயையோ, கொறடா!"ன்னு புலி எடுத்துச்சு பாரு ஓட்டம்! சிரிக்காத, பல்லு டாக்டர் வீட்டு வாசல்ல நீ போட்ட கூத்த நானும் பாத்தேன்.

மறுநாளும் வலி, மறுநாளும் வந்துச்சு. சடைச்சி ஒரு கிராம்பு குடுத்தா, கொறடையும் காட்டினா, புலி ஓடிப் போச்சு.

மூணாம் நாள் வந்த புலிக்கு வலியும் இருந்துச்சு, பசியும் இருந்துச்சு. "ஒண்ணுக்கே இவ்வளவு சொகம்னா, சட்டி முழுக்கத் தின்னா வலி இந்தப் பக்கமே வராது"ன்னு சட்டியப் புடுங்கிச்சு.

"வேணாம் அண்ணே! ஒண்ணு மருந்து. அளவு மீறினா வாய் வெந்துடும்!"

கேட்டாத்தானே? சட்டியோட வாயில கவுத்து, நற நறன்னு மென்னுடுச்சு. ஈறு மரத்துச்சு, நாக்கு மரத்துச்சு, உதடு மரத்துச்சு. இப்ப ஆட்டைப் பாக்குது.

"தாயீ, ஆத்தைத் தின்னப் போதேன்." நாக்கு மரத்துப் போனதால ஆட்டை ஆத்தைன்னு குழறுது.

"வாக்குக் குடுத்தியே, பாவி!"

"அது வலிச்சப்ப."

பாத்தீங்களா அதோட புத்திய? உள்ள குழந்தை பாலுக்கு அழுவுது. சடைச்சி ஆட்டுக்கு முன்னால போயி நின்னுக்கிட்டா.

"சரி அண்ணே. ஆனா ஆட்டெலும்பு கெட்டியாச்சே, உன் பல்லு தாங்குமா? மொதல்ல இந்த அவிச்ச கிழங்கை மென்னு பாரு"ன்னு ஒரு கிழங்கை நீட்டினா.

புலி மென்னுச்சு. "வலிக்குதா?"ன்னா. "இல்ல"ன்னுச்சு. இன்னொண்ணு குடுத்தா. "வலிக்குதா?" "இல்லவே இல்ல, பஞ்சு மாதிரி இருக்கு." மூணாவதும் குடுத்தா. "நல்லா அழுத்தி மெல்லு அண்ணே"ன்னா. அதுவும் நல்லா அழுத்தி மென்னுச்சு.

அப்பத்தான் பொட்டு பொட்டா தரையில ரத்தம் விழுறதப் புலி பாத்துச்சு.

"ஆத்தை இன்னும் தொதவே இல்ல, யாரு ரத்தம் இது?"

"உன்னோடதுதான் அண்ணே. கிழங்கோட சேத்து உன் நாக்கையும் மென்னுட்ட. மரத்த வாய்க்கு எது கிழங்கு, எது நாக்குன்னு எப்படித் தெரியும்?"

புலி நாக்க வெளிய நீட்டிப் பாத்துச்சு. பாதிதான் இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா மரப்பு விட்டுச்சு. சொத்தைப் பல்லும் வலிக்குது, வெந்த ஈறும் எரியுது, நாக்கு சொல்லவே வேணாம். தண்ணிய விட்டா எரியுது, காத்துப் பட்டா எரியுது. ஊளையிட்டுக்கிட்டே மலையேறி ஓடிப் போச்சு. அதுக்கப்புறம் அதால ஒண்ணையும் கடிக்க முடியல. தவளையப் புடிச்சு அப்படியே முழுங்கித்தான் காலத்தத் தள்ளுச்சாம்.

சடைச்சி ஆட்டைக் கறந்து, பாலைக் காய்ச்சி, புள்ளைக்குக் குடுத்தா.

அதனால, பல்லு வலிச்சா ஒரு கிராம்ப வச்சுக்க, மறுநாளே டாக்டர்கிட்டப் போ. நம்ம வீட்டுல இருக்குற கிராம்புத் தைலம் பாட்டில்ல எவனாவது கைய வச்சீங்க, தோலை உரிச்சுடுவேன். புலி மலையில, ஆடு கொட்டில்ல, நீங்க பாயில. கண்ண மூடுங்க.