ஃபிளாஸ்கும் டபராவும்

தவமணி அம்மாவின் மலையடி மடத்தில் சம்பந்தமும் பிச்சாண்டியும் சீடர்கள். இருவரும் மின்துறையில் பொறியாளர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆசையைத் துறந்துவிட்டார்கள். கோபத்தையும் ஏறக்குறையத் துறந்துவிட்டார்கள். ஏசி மின்சாரமா, டிசி மின்சாரமா என்ற சண்டையை மட்டும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

ஓடையில் ஒரு சின்ன மின் உற்பத்தி இயந்திரம் வைத்து அடுப்படிக்குக் கம்பி இழுத்தால் கிரைண்டர் ஓடும். எந்த மின்சாரம் என்று முடிவாகாததால் இயந்திரம் சாக்குக்குள்ளேயே கிடந்தது. மாதக்கணக்கில் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக் கை வீங்கிப்போன சமையற்காரர் சடகோபன், “இன்னைக்கு முடிவு சொல்லலைன்னா நான் ஊருக்குக் கிளம்புறேன்” என்று சொல்லிவிட்டார்.

அவர் போனால் அடுத்து மாவாட்டும் முறை சம்பந்தத்துடையது. அதற்காக டிசியை விட்டுக்கொடுக்க முடியுமா?

“அம்மா, தூரமாக் கொண்டுபோக டிசிதான். ஏசி மாதிரி முன்னும் பின்னும் ஆடாது, நேராப் போகும். வழியில சேதாரம் கம்மி” என்றார்.

“ரெண்டு முனையிலயும் மாத்துறதுக்கு மெஷின் வைக்கணுமே, அதை யாரு சொல்லுவா?” என்றார் ஏசி கட்சிக்காரரான பிச்சாண்டி.

அம்மா இருவரையும் பார்த்தார்.

“ஆளுக்கொரு காபி கொண்டாங்க ஐயா. அவங்கவங்க கட்சிப்படி.”

பிச்சாண்டி டபராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றிக்கொண்டே வந்து நீட்டினார். அம்மா குடித்து முடித்துவிட்டார். சம்பந்தம் அப்போதுதான் ஃபிளாஸ்கை வெந்நீரில் அலசி, காபி ஊற்றி, மூடியைத் திருகிக் கொண்டுவந்து, மறுபடி திறந்து, ஊற்ற டம்ளர் தேடிக்கொண்டிருந்தார்.

“அடுப்படி எவ்வளவு தூரம் ஐயா?”

“பக்கத்து ரூம்தாம்மா” என்றார் சம்பந்தம். முகம் சுண்டிப்போனது. பிச்சாண்டி சிரித்தார்.

“இதே காபியைச் சென்னைக்குக் கொண்டுபோகணும்னா?”

பிச்சாண்டி கையிலிருந்த டபராவைப் பார்த்தார்.

“ஃபிளாஸ்க்தான் வேணும்” என்று முனகினார். இப்போது சம்பந்தம் சிரித்தார்.

“நம்ம ஓடை எங்க இருக்கு?” என்றார் அம்மா.

ஜன்னல் வழியே ஓடைத் தண்ணீரின் சத்தம் நன்றாகவே கேட்டது.

சம்பந்தத்துக்கு மனசு ஆறவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்கம்மா. இத்தனை மாசச் சண்டையில ஜெயிச்சது எது? ஏசியா, டிசியா?”

அம்மா அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்தார். சடகோபன் மாவாட்டிக்கொண்டிருந்தார்.

“ஆட்டுக்கல்” என்றார்.