பதினொரு தடவை செத்த ராஜா

முன்னொரு காலத்தில் கருங்காட்டு நாட்டைப் பூபதிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மணலில் போர் நடத்துவதில் அவனுக்குத் தீராத ஆசை. சபை நடுவே மணலைக் குவித்து, கோட்டை கட்டி, மரச் சிப்பாய்களை நகர்த்துவான். மரத்துக்கு வலிக்காது என்பதால் எப்போதும் அவனுக்கே வெற்றி.

அப்போது நிஜமான போர் வந்தது. எல்லையிலிருந்த பாறைக்கோட்டையை எதிரி பிடித்துக்கொண்டான். அதை மீட்க வேண்டுமானால், அம்பு மழையில் முந்நூறு அடி வெட்டவெளியைக் கடந்தாக வேண்டும்.

"காலாட்கள் எப்படிப் போவது?" என்று ராஜா கேட்டான்.

"நிமிர்ந்து, முரசுக்குக் கால்வைத்து, வரிசையாகப் போகட்டும் பிரபு. பார்த்தாலே எதிரி நடுங்குவான்" என்றான் தளபதி வீரகேசரி.

மந்திரி வாஞ்சியப்பர் தொண்டையைக் கனைத்தார். "ஓடலாம், தவழலாம். பாதிப்பேர் படுத்து அம்பு விட, மீதிப்பேர் பாயலாம். எது நல்லதென்று பார்த்துவிட்டால் என்ன?"

"மந்திரியார் ஏடு புரட்டுபவர். பயம் இருக்கத்தான் செய்யும்" என்றான் தளபதி. சபை சிரித்தது.

"மணலில் பார்த்தாயிற்று. நிமிர்ந்து போவதுதான் அழகு. நாளை மறுநாள் புறப்பாடு" என்றான் ராஜா.

"அப்படியே ஆகட்டும் பிரபு. அதற்கு முன் மரச் சிப்பாய்க்குப் பதிலாக நாமே ஒருமுறை நடந்து பார்க்கலாமே?" என்றார் மந்திரி.

புதிய விளையாட்டென்றால் ராஜா விடுவானா? நந்தவனச் சுவருக்குப் பின்னால் சமையற்கட்டுப் பெண்கள் இருபதுபேர், அம்புக்குப் பதிலாக நீலச்சாயத்தில் தோய்த்த துணிப்பந்துகளோடு நின்றார்கள். "ராஜாவென்று பார்க்காமல் எறியுங்கள்" என்று அவனே உத்தரவிட்டான்.

முரசு முழங்கியது. ராஜாவும் தளபதியும் இருபது காலாட்களும் நிமிர்ந்து நடந்தார்கள். சுவரை அடைந்தபோது நீலமாகாத ஆள் ஒருவர்கூட இல்லை.

"நான் எத்தனை தடவை செத்தேன்?" என்று கேட்டான் ராஜா.

"பதினொன்று, பிரபு. முதல் தடவையே போதுமானது" என்றார் மந்திரி.

"சாயம் ஆளைக் கொல்லாது!" என்று தளபதி கத்தினான்.

"உண்மை. அதனால்தான் தளபதி இன்னும் பேசுகிறார்."

பிறகு காலாட்கள் மட்டும் உடை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். பன்னிரண்டு பேர் நீலமானார்கள். மிச்ச எட்டுப் பேருக்கும் வாளைத் தூக்க மூச்சில்லை. தவழ்ந்தபோதோ பெண்களுக்கு நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைத்தது. பதினைந்து பேர் நீலம். கடைசியாகக் காலாட்களுக்கும் பந்துகள் கொடுத்தார்கள். பாதிப்பேர் படுத்தபடி எறிய, மீதிப்பேர் பத்தடி பாய்ந்து படுத்தார்கள். இப்படி மாறி மாறிச் சுவரை எட்டினார்கள். நீலமானது மூன்றே பேர்.

தலைமைச் சமையற்காரி பரிமளத்தை ராஜா கூப்பிட்டான். "ஏனம்மா, கை ஓய்ந்துவிட்டதா?"

"தலையைத் தூக்கினா மூக்குமேல வந்து விழுது சாமி. அப்புறம் எங்கே எறியறது?"

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தான். "இனிப் படைக்கு உத்தரவு உம்முடையது. தளபதியாரே, நாளை முழுவதும் காலாட்களுக்குப் படுக்கக் கற்றுக்கொடும். முதலில் நீரே படுத்துக் காட்டும்."

அன்றிரவு பெய்த மழையில் மறுநாள் மைதானம் சேறாகக் கிடந்தது. தளபதி படுத்துக் காட்டினான்.

கோட்டை மீண்டது. போன நானூறு பேரில் ஏழுபேர் திரும்பவில்லை. அந்த ஏழு வீட்டுக்கும் ராஜா பல்லக்கில்லாமல் நடந்தே போனான்.